ஒருத்திக்குச் சாப்பாடு

என் வீட்டுக்காரர் இறந்து, காரியம் முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலையில் அடுப்படிக்குள் போய் நின்றேன். கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நாலைந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் வெந்தயம், ஒன்றில் பொட்டுக்கடலை. திறந்ததையெல்லாம் மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு வெகுநாள் வரைக்கும் டீ போடவும் தண்ணீர் எடுக்கவும் மட்டும்தான் அந்தப் பக்கம் போனேன்.

எங்கள் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. மில்லில் வேலை பார்க்கும்போது முதுகில் அடிபட்டு, கனமான வேலை எதுவும் செய்யக்கூடாது என்று ஆனதிலிருந்து அப்படித்தான். நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். மகள் பள்ளிக்கூடம் முடித்து நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போகும்வரை அவர் கட்டிக் கொடுத்ததைத்தான் கொண்டுபோனாள். நானும் அப்படித்தான். ஒரு நாள் காலையில் என் கேரியரை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, "நெஞ்சு எரியுது, செத்த நேரம் படுக்கேன்" என்று போய்ப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அதில் கூடுதலாகச் சொல்ல ஒன்றும் கிடையாது.

நான் அழவில்லை. அழுவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

எங்கள் வீடு ராஜபாளையத்துக்கு வெளியே, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், மனை பிரித்துச் சில வருடங்களே ஆன ஒரு நகரில் இருக்கிறது. நகர் என்று பெயர்தான். வரிசையாக நாலு வீடு, பிறகு காலி மனை, அதில் முள்ளுச்செடி, மறுபடி நாலு வீடு. மளிகைக் கடை உண்டு, மெடிக்கல் உண்டு. இங்கே சாப்பிட இடம் இருக்கிறதா என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

கொஞ்ச நாள் டீயும் பன்னும் வாழைப்பழமுமாக ஓடியது. கம்பெனியில் மத்தியானம் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேரியரைப் பிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு கை எடுத்து ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளுவார்கள். புளிச்சோறு, அதன்மேல் தயிர்ச்சோறு, ஓரத்தில் யாரோ வீட்டு மீன் துண்டு. நல்ல மனசோடுதான் தந்தார்கள். தந்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பசியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு நாள் துணிக்கட்டைத் தூக்கும்போது கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு, நீ அழு, அழாம இரு, அது ஒன் இஷ்டம். வயித்துக்கு மட்டும் எதையாச்சும் போட்டுட்டு வா. இங்க விழுந்து வச்சா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

அவர் சொன்னது எனக்குச் சுலபமாக இருந்தது. சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே. எங்கே என்று தேட ஆரம்பித்தேன். மகளின் படிப்புச் செலவு போக என் ஒரு சம்பளத்தில் பெரிய ஓட்டல் கட்டுப்படியாகாது. தினமும் போக முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

தெருமுனையில் ஒரு பெண் தன் வீட்டு வாசலிலேயே இட்லி அவித்து விற்றார். நல்ல இட்லி, விலையும் குறைச்சல். ஆனால் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீக?"

"போகும்போது உசுரு இருந்துச்சா, இல்ல வீட்டுலயே போயிருச்சா?"

சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை போல. ஒரு நாள் நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்ததும், "கல்லு கணக்கா நிக்கா பாரு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாளிலிருந்து போகவில்லை.

சாயங்காலம் மெயின் ரோட்டில் இருக்கிற புரோட்டாக் கடைக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததுமே கல்லாவில் இருந்தவர், "பார்சலாம்மா?" என்றார்.

"இல்ல, இங்கனதான் சாப்பிடணும்."

"கூட யாரும் வாராகளா?"

"நான் மட்டுந்தான்."

அவர் கடைக்குள் ஒரு தடவை பார்த்தார். எல்லா மேசையிலும் ஆண்கள். "செத்த பொறுங்க" என்று எழுந்து, மூலையில் தண்ணீர்க் கேன்கள் வைத்திருந்த மேசையை ஒழித்துக் கொடுத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். கொத்துப் போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் நான் எழுந்திருக்கும்வரை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். அடுத்த தடவை நானே பார்சல் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் இலையைப் பிரித்தால் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அந்த வீட்டில் வெளிச் சாப்பாட்டு வாடை இருந்து எனக்குப் பழக்கமில்லை. அப்படியே மடித்துத் தெரு நாய்க்குப் போட்டேன்.

பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அந்தச் சொல்தான் முதலில் வரும். டிபன் கடை, மதியச் சாப்பாட்டுக் கடை, எல்லாவற்றிலும் பார்சலா, பார்சலா. பொம்பளை தனியாக வந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாங்கிப் போகத்தான் வந்திருப்பாள் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். வீட்டில் யாரும் இல்லை என்று ஒவ்வொரு கல்லாவிலும் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய் மட்டும், "உள்ள எங்க வீட்டு ஆளுக இருக்காங்கம்மா, அங்க போய்ச் சாப்பிடுங்க" என்று திரைக்குப் பின்னால் அனுப்பினார். அவர் மனைவி கோரைப்பாய் விரித்து, தட்டு வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். போதும் போதும் என்கிற அளவுக்கு வைத்தார். அவ்வளவு நல்லவர்கள். அதனாலேயே மறுபடி போக முடியவில்லை. விருந்தாளியாகத் தினமும் எப்படிப் போவது?

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் கோவிலில் மத்தியான அன்னதானத்தில் உட்கார்ந்தேன். சாமி கும்பிட வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. சாப்பாட்டுக்காகத்தான் போனேன். வரிசையில் நின்று உள்ளே போனால் இலை போட்டிருக்கும். சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ரசம், மோர். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. வாளியோடு வருகிறவர் எல்லா இலையிலும் ஒரே அளவாகப் போட்டுக்கொண்டு போனார். யாரும் யாரையும் எதுவும் கேட்காத இடமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து பஸ் ஏறுவேன். சில வாரம் அப்படிப் போனது.

அந்த வரிசையில் என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள். என் அண்ணன் மம்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிறவர். ஒரு நாள் சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வரும்போது வாசலில் அவருடைய வண்டி நின்றது. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"என்னண்ணே?"

"வருசம் திரும்பல, அதுக்குள்ள கோவிலுக்குப் போறே. அதக்கூட விடு. ஒன் தங்கச்சி சோத்துக்கு வரிசைல நிக்கான்னு ஒருத்தன் எங்கிட்டயே வந்து சொல்லுதான். எம்புட்டு நாளா நடக்கு இது?"

"பசிச்சுது, போனேன்."

"பசிச்சா எங்க வீடு இல்லையா? அங்க ஒரு வாய்ச் சோறு கெடைக்காதா?" அவர் குரல் உடைந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பையில துணிய எடுத்து வையி. கெளம்பு."

நான் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா. துணியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மம்சாபுரத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தேன். அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மதினி காலையிலேயே எழுந்து எனக்குக் கேரியர் கட்டிவிடுவார். ஆனால் ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டே, "எங்க அண்ணனுக்கு இந்தக் கத்தரிக்கா புளிக்கொழம்புன்னா உசுராச்சே" என்று என் வீட்டுக்காரரைச் சொல்வார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். அண்ணன் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவார். நான் மட்டும் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடிப்பேன். அவர்களுக்கு அவர்மேல் உண்மையான துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவில் நான் இடைஞ்சலாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது மதினி கேட்டுவிட்டார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. ஒனக்கு எங்க அண்ணன் மேல பிரியமே இல்லியா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

"தெரியல மதினி" என்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன். போய்வர தூரமாக இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. மதினி கட்டி வைத்த கேரியரை நான் எடுக்க மறந்துபோனது பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் மறுபடி அந்த வட்டத்தில் போய் உட்கார மனமில்லாமல் கம்பெனிக்குப் பின்பக்கமாக நடந்தேன். அந்த வழியில் அதற்குமுன் நான் போனதில்லை. ஒரு லாரிப் பட்டறை, அதை ஒட்டித் தகரக் கொட்டகை. வாசலில் கருவாட்டுக் குழம்பு வாசனை. உள்ளே பெஞ்சுகளில் டிரைவர்களும், தலையில் பஞ்சு ஒட்டியிருந்த மில்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்று வாளியோடு நின்ற பெண்ணுக்கு என் வயது இருக்கும்.

"சாப்பாடு இருக்கா?" என்றேன்.

"இருக்கு. கையக் கழுவிட்டு ஒக்காருங்க."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் இடம் இருந்த ஒரே பக்கத்தில் ஒரு இலையைப் போட்டார். பக்கத்தில் இருந்த டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டார். சோறு, குழம்பு, ரசம், மோர் என்று முறையாக வந்தது. எழுந்து கை கழுவி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். மற்ற கடைகளைவிடக் குறைவுதான். மறுநாளும் போனேன்.

முதலில் கொஞ்ச நாள் நான் உள்ளே வந்தால் பேச்சுக் குறையும். சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடக்கிக்கொள்வார்கள். பிறகு அதுவும் போய்விட்டது. புதிதாக வந்த ஒரு டிரைவர் மட்டும் ஒரு தடவை, "வீட்டுல அடுப்பு இல்லாமயா பொம்பள இங்க வந்து ஒக்காந்திருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். கடைக்கார அம்மா அவர் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒங்க வீட்டுலயும்தான் அடுப்பு இருக்கும். நீங்க எதுக்கு இங்க வந்திருக்கீக?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. மோருக்காகக் காத்திருந்தேன்.

கடைக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். உள்ளேயிருந்து வருகிற குரலும் இவர் குரலும் தெலுங்கில் போய் வந்துகொண்டிருக்கும். யார் சமைக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள், ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது.

"ரசத்துல உப்பு கூடிப்போச்சு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. எல்லோரும் திரும்பினார்கள்.

கடைக்கார அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். உள்ளே பார்த்துத் தெலுங்கில் என்னமோ கத்தினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருவர் வெளியே வந்தார். அவருடைய வீட்டுக்காரர். அவர்தான் சமைக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சுரீர் என்றது.

"உப்பு கூடன்னு சொன்னா என்னத்துக்குச் சிரிக்கீக?"

"கோவிச்சுக்காதீகக்கா" என்றார் அந்த அம்மா. "போன மாசம் ஒரு நா இவரு சாம்பாருக்கு உப்பே போட மறந்துட்டாரு. அம்புட்டு பேரும் கத்துனாக. நீங்க ஒருத்தருதான் வழிச்சுச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனீக. அன்னைலருந்து இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு, அந்தக்கா நாக்குக்கு என்ன செஞ்சுதுன்னு."

அவர் வீட்டுக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பத் தெரியுதுல்லக்கா?" என்றார்.

"நல்லாத் தெரியுது. வாயில வைக்க முடியல."

"செரி, செரி" என்று சந்தோஷமாக உள்ளே போய், வேறு ரசம் கொண்டுவந்து ஊற்றினார். அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்குச் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. பேக்கிங் மேசையில் நிற்கும்போதும் உள்ளுக்குள் முனகிக்கொண்டே இருந்தேன். அத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் எழுந்தபோது மறுபடி பழையபடிதான் இருந்தது.

தீபாவளி விடுமுறைக்கு மகள் வந்தாள். எங்களுக்கு அந்த வருடம் பண்டிகை கிடையாது. சும்மா வந்தாள். வந்த அன்றைக்கே அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். டப்பாக்களையெல்லாம் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அரிசியில் வண்டு. பருப்பு நூல் கட்டிப் போயிருந்தது.

"அம்மா, நீ சமைக்கவே இல்லியா?"

"டீ போடுவேன்."

"தெனம் போன்ல கேட்டேன்லம்மா, சாப்டியான்னு. சாப்டேன், சாப்டேன்னே?"

"சாப்பிட்டுத்தான் சொன்னேன். கடைல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கெட்டுப்போனதையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டினாள். டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். நானும் கூட இருந்து துடைத்து வைத்தேன். மறுநாள் எனக்கு வேலை இருந்தது. மத்தியானம் கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"நீ சாப்பிடுத எடத்த எனக்குக் காட்டு."

கூட்டிக்கொண்டு போனேன். தகரக் கொட்டகையைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். "எம் மக" என்று கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டார். எதிரே இருந்த மில்காரர்கள் காலை ஒடுக்கிக்கொண்டார்கள். மகள் குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கை நின்றுவிட்டது.

"அப்பா கொழம்பு மாதிரி இல்லம்மா" என்றாள்.

"இல்ல."

"கொஞ்சங்கூட இல்ல."

"ஆமா."

அவள் குனிந்து அழ ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல் சத்தம் வந்துவிட்டது. கொட்டகையில் இருந்த அத்தனை ஆண்களும் அவரவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வலது கை முழுக்கச் சோறு. இடது கையை அவள் முதுகில் வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்கிற மாதிரி முதுகு சுட்டது. எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. ஹாஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் குடித்தேன்.

கடைக்கார அம்மா கொஞ்சம் பொறுத்து வாளியோடு வந்தார். "சோறு போடட்டாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க" என்றாள். ரசத்துக்கும் மோருக்கும் வாங்கிச் சாப்பிட்டுத்தான் எழுந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் கால் படி அரிசியும் கொஞ்சம் பருப்பும் வாங்கி, ராத்திரிக்கு மட்டும் ஒரு கை சோறு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் அவள் சொல்லச் சொல்ல வைத்தேன். முதல் தடவை அடிப்பிடித்துவிட்டது. இப்போது பரவாயில்லை. ஊறுகாயோ தயிரோ வைத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மம்சாபுரத்துக்கு எப்போதாவது போகிறேன். மதினி அழுதால் இப்போது நானும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தியானம் இன்னும் அந்தக் கொட்டகையில்தான். பட்டறைக்காரர் இடத்தை விற்கப்போவதால் காலி செய்யச் சொல்லியிருக்கிறாராம். வேறு இடம் பார்க்கிறோம், வாடகை எல்லாம் எட்டவில்லை என்று கடைக்கார அம்மா சொன்னார். இன்னும் எதுவும் அமையவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சாலையோரம் பூட்டிக் கிடக்கிற கொட்டகை எதுவும் தெரிகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டு போகிறேன்.